எட்டு ராடு, பதினாறு பேர்

வியாழக்கிழமை மத்தியானம் சின்னவள் ஜிம்மில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகள் வகுப்பு ஒன்று ஆரம்பித்துவிடலாம் என்றார். பதிமூன்றிலிருந்து பதினாறு வயதுவரை, எட்டுப் பேர், ஆறு வாரம், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்கு. சொல்லிவிட்டு, "நீயே நடத்தும்மா" என்று சேர்த்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இதற்காக அவள் இரண்டு வருஷமாக அவரை நச்சரித்திருக்கிறாள். பெரியவர்களுக்குப் பழக்கிக் கொடுத்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. நாற்பது வயதில் இடுப்பைக் குறைக்க வருகிறவர்கள் பாதிப் பேர் மூன்றாவது வாரமே காணாமல் போவார்கள். மீதிப் பேர் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டு அவள் சொல்வதைக் காதில் வாங்கமாட்டார்கள். பிள்ளைகள் அப்படியில்லை, ஒன்றுமே தெரியாமல் வருகிறவர்களிடம் முதல் நாளே சரியானதைச் சொல்லிவிடலாம் என்பது அவள் எண்ணம். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் பையை ஜிம்மிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்தாள். வெளியே வந்து நாலு எட்டு வைத்ததும், தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. போனால் போகிறது என்று நடந்தாள்.

முப்பத்தெட்டு வயதானாலும் வீட்டில் அவள் சின்னவள்தான். அம்மா அப்பா போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அக்கா குடும்பம் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது, இவள் மூன்றாவதில். அக்கா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முழங்கை, முழங்கால், முதுகு என்று நாள் முழுக்கப் பிறத்தியார் வலியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். அக்காவின் மகளுக்குப் பதினான்கு வயது. எல்லோருக்கும் அவள் வாலு.

அன்று சாயங்காலமே சின்னவள் திட்டத்தை எழுத உட்கார்ந்தாள். நீள நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டு, பயிற்சிகளை வரிசையாக எழுத எழுத அவளுக்கே உற்சாகம் தாங்கவில்லை. ஸ்குவாட், புஷ்-அப், தோளுக்கு மூன்று, முதுகுக்கு நான்கு, வயிற்றுக்கு நான்கு, குதிப்பதில் ஒன்று என்று பதினாலு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நின்று தானே செய்து பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு வாரத்துக்கும் பன்னிரண்டு வகுப்பு, பன்னிரண்டு பக்கம் தயார். அடிக்கோடு எல்லாம் பச்சை மையில்.

அதற்குள் வாலுவுக்கு விஷயம் எட்டி, தானும் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

முடியாது என்றதற்குக் காரணம் இருந்தது. சின்னவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அவள் பளு தூக்குகிறவள். மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில், பார்க்க வந்த யாரோ ஒருவருக்குக் காட்டுவதற்காக அன்றைய பயிற்சியாளர் அவள் தூக்குகிற இரும்பு ராடில் இரண்டு எடை பிளேட் கூடுதலாகச் செருகினார். அவளும் தூக்கினாள். இடுப்புக்கு மேலே ஏதோ சொடுக்கியது. அதன்பிறகு ஆறு மாதம் அவளால் தானாகக் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. அப்போது அக்கா கல்லூரியில் முதல் வருஷம். தங்கையைத் தினமும் புரட்டிப் போட்டு, கையைப் பிடித்து நடக்கவைத்தவள் அவள்தான். இரண்டாவது வருஷம் படிப்பையே மாற்றிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போனாள். இதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு மாடியையும் நின்று நின்று இறங்கினாள். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எக்ஸ்ரே பார்ப்பதுபோலப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். வாலு மூச்சுக்கூட விடாமல் கதவோரம் நின்றாள். அக்காவின் வீட்டுக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், இந்த நேரத்தில் வாய் திறந்தால் தன் தலையும் உருளும் என்று தெரிந்து செய்தித்தாளை விரித்து அதற்குள் போய்விட்டார்.

வெயிட் தூக்கினால் பிள்ளைகள் வளராமல் போய்விடுவார்கள் என்று அக்கா சொல்லப்போகிறாள் என எதிர்பார்த்து, சின்னவள் அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். அக்கா அதைப் பேச்சிலேயே எடுக்கவில்லை. அது வெறும் புரளி என்று அவளுக்கும் தெரியும். நோட்டை மூடி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பதினாலு பயிற்சி, அம்பது நிமிஷம். இதுல நீ எப்ப அவங்களைப் பாப்பே?"

சின்னவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பதினாலையும் மறுபடி எண்ணினாள்.

தன்னிடம் வருகிற பிள்ளைகள் யாரும் எடை அதிகமானதால் மட்டும் அடிபட்டு வருவதில்லை என்றாள் அக்கா. பக்கத்தில் ஆள் இருக்கும், ஆனால் பார்க்கமாட்டார்கள். அடுத்தது, அடுத்தது என்று விசில் ஊதிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான், பிள்ளை ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிடும். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் சின்னவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விஷயம் பிடிபட்டது. வாயில் நுரையோடு வந்து நோட்டைத் திறந்து, பன்னிரண்டு பக்கத்தையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். மனித உடம்பு செய்கிற வேலை மொத்தமே ஐந்துதான். உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. ஆறு வாரத்துக்கும் இந்த ஐந்து போதும். முதல் வாரம் இரும்பே கிடையாது, தரை துடைக்கிற மாப் கம்பு மட்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, இரண்டு சுற்று. பத்து முடிகிறபோது இன்னும் இரண்டு செய்ய முடியும் என்கிற தெம்பு மிச்சமிருக்க வேண்டும். மிச்சமில்லை என்றால் எடை அதிகம் என்று அர்த்தம். இதை எழுதி முடித்தபோது அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. ஆனால் பன்னிரண்டு பக்கத்தில் வராத சந்தோஷம் அந்த அரைப் பக்கத்தில் வந்தது. நைட்டியோடேயே கீழே ஓடினாள்.

அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தாள். பையைக் கீழே வைத்தாள். பேனா கேட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது, அந்த வாரம் முழுக்க ஓய்வில்லை. அக்கா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக மேசையை ஓரம் தள்ளிவிட்டு மூன்று பெண்களும் ஒரு மாப் கம்போடு கூடத்தில் இறங்கினார்கள். வாலுதான் மாதிரி உடம்பு. கணுக்கால் இறுக்கமாக இருக்கிறவனுக்குக் குதிகால் தூக்கும், அவனுக்கு என்ன சொல்வது? உயரம் வேகமாக வளர்கிற வருஷத்தில் கை கால் சொன்னபடி கேட்காது, அப்போது என்ன செய்வது? குனிந்து தூக்குவதை ஒரே வாக்கியத்தில் எப்படிப் புரியவைப்பது? அக்கா பத்து வாக்கியம் சொல்லிப் பார்த்தாள். எதுவும் வாலுவுக்குப் புரியவில்லை. கடைசியில் சின்னவள், "கைல ரெண்டு பையிருக்கு, கார் கதவை இடுப்பால தள்ளி மூடு" என்றாள். வாலு இடுப்பைப் பின்னால் தள்ளிக் கச்சிதமாகக் குனிந்தாள். அக்கா கைதட்டிவிட்டாள். பிறகு தான் கைதட்டியது தெரிந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

செய்தித்தாளுக்குள் இருந்தவரையும் விடவில்லை. இருபது வருஷம் ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்த மனிதருக்குக் குதிகாலைத் தூக்காமல் குந்த வரவில்லை. இரண்டு முறை பின்பக்கமாகச் சாய்ந்து சோபாவில் விழுந்தார். "இது பிள்ளைங்க திட்டம்தானே, என்னை ஏன் வதைக்கிறீங்க?" என்று அவர் கேட்க, குதிகாலுக்கு அடியில் கட்டை வைத்தால் உட்கார வருகிறதா என்று பார்க்க இறுக்கமான ஆள் ஒருவர் வேண்டியிருந்தது என்று சின்னவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். கட்டை வைத்ததும் அவருக்கு உட்கார வந்தது. அதுவும் நோட்டில் ஏறியது.

வியாழக்கிழமை அக்கா சம்மதம் சொன்னாள், மூன்று நிபந்தனையோடு. யாரும் பார்க்காதபோது யாரும் தூக்கக் கூடாது. வலி என்று சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. யாரால் எவ்வளவு அதிகம் முடியும் என்று பார்க்கிற போட்டி கடைசி நாள்கூட இருக்கக் கூடாது. சின்னவள் மூன்றையும் நோட்டின் அட்டையில் எழுதினாள். வாலு அந்த இடத்திலேயே தலைகீழாக நிற்கப் போய், பூச்சாடியைத் தட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பு சின்னவள் ஜிம்மின் பின்கூடத்தில் எட்டு ரப்பர் பாயை விரித்து, எட்டு மாப் கம்பை வரிசையாக வைத்தாள். சுவரோரம் எட்டு ராடு, பிள்ளைகளுக்கென்றே வாங்கிய பத்துக் கிலோ ராடுகள், அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தன. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் சளசளவென்று சத்தம். உள்ளே வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். வாலுவையும் சேர்த்துப் பதினாறு பேர்.

முதலாளி பின்னாலேயே வந்து தலையைச் சொறிந்தார். கேட்டு வந்தவர்களை இல்லை என்று திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லையாம். இரண்டு குழுவாகப் பிரிக்கலாமா என்றால் வேறு நேரமும் இல்லை. நெட்டையாக ஒருத்தன், அவன் இடுப்புயரத்தில் ஒருத்தி, தடித்த கண்ணாடி போட்டு யார் கண்ணையும் பார்க்காமல் ஒருத்தி, கதவு நிறைய ஒரு பையன். அவனை மற்றப் பிள்ளைகள் ஏற்கெனவே புல்டோசர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் அதைப் பட்டம்போல வாங்கிக்கொண்டிருந்தான்.

சின்னவள் மறுபடி எண்ணினாள். எட்டுக் கம்பு, பதினாறு பேர், இரண்டே இரண்டு கண். 'நீ எப்ப அவங்களைப் பாப்பே?' என்று அக்கா கேட்டது காதுக்குள் கேட்டது. அப்படியே நின்றவளுக்கு, அங்கே இரண்டு கண் இல்லை, முப்பத்து நாலு கண் இருக்கிறது என்று பளிச்சென்று தோன்றியது.

வெள்ளைப் பலகைக்குப் போய்ப் பெரிதாக நான்கு வார்த்தை எழுதினாள். பாதம், முதுகு, மூச்சு, முகம்.

"ஜோடி ஜோடியா நில்லுங்க. ஒருத்தர் செய்யணும், இன்னொருத்தர் காவல். காவல் சும்மா நிக்கக் கூடாது. பாதம் தரையில இருக்கா, முதுகு நேரா இருக்கா, மூச்சு விடறாங்களா, முகம் கோணுதா. ஒண்ணு தப்பினாலும் நிறுத்துன்னு சொல்லணும். சொன்னா நிறுத்தணும். அவ்வளவுதான் இந்த வகுப்போட சட்டம்."

நின்ற வரிசைப்படி பிரித்ததில் புல்டோசருக்கு வாலு காவலாக வாய்த்தாள். அவன் தோளுக்குக் கீழேதான் அவள் தலை. கூடமே சிரித்தது.

பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கினார்கள். ஓடினார்கள், தவழ்ந்தார்கள், ஒற்றைக்காலில் நின்று பந்து பிடித்தார்கள். பிறகு கம்பைக் கையில் கொடுத்ததும் புல்டோசர் வாயைத் திறந்தான். "மாப் கம்பைத் தூக்கறதுக்கா எங்கம்மா லீவு போட்டு வந்து பேரு குடுத்தாங்க?" என்று அவன் கேட்டதும் மறுபடி சிரிப்பு. சின்னவளும் சிரித்தாள். அந்தக் கம்பைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கை மடங்காமல், கம்பு முன்னால் வராமல், அப்படியே உட்கார்ந்து எழச் சொன்னாள். பாதியில் கம்பு முன்னால் சாய்ந்தது, குதிகால் தூக்கியது, அவன் பாயில் மல்லாந்தான். எழுந்து மறுபடி செய்தான். மறுபடி மல்லாந்தான். மூன்றாவது தடவை, "மிஸ், இதுல ஏதோ தந்திரம் இருக்கு" என்றான். "குதிகால்" என்றாள் வாலு, குந்தியிருந்து அவன் பாதத்தையே பார்த்தபடி. அவன் குதிகாலை அழுத்தினான். முக்கால்வாசி இறங்கி, ஆடி ஆடி, எழுந்துவிட்டான். வியர்வை சொட்டச் சொட்டச் சிரித்த அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்த ஆறு வாரம் எப்படியும் நன்றாகத்தான் போகும் என்று சின்னவளுக்குத் தைரியம் வந்தது.

ஜோடி போட்டதில் அவள் எதிர்பாராத லாபங்களும் வந்தன. ஒருவர் செய்யும்போது மற்றவருக்கு ஓய்வு தானாகக் கிடைத்தது. அடுத்தவர் தப்பைப் பார்த்த கண்ணுக்குத் தன் தப்பும் தெரிய ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் ராடு கைக்கு வந்தபோது, யாரும் சொல்லாமலே பதினாறு பேரும் முதலில் பாதத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தூக்குகிற எடையை எழுத ஓர் அட்டை. எடை கூட்ட வேண்டுமென்றால் அதில் காவலின் கையெழுத்து வேண்டும். அப்படியும் ஒரு வாரத்தில் சின்னச் சின்ன பிளேட்தான் ஏறும். பிள்ளைகள் அந்த அட்டையைப் பரீட்சைத் தாளைவிடப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

நோட்டின் இடது பக்கத்தில் அவள் திட்டம் எழுதினாள், வலது பக்கத்தில் நடந்ததை எழுதினாள். எப்போதும் வலது பக்கம்தான் நிரம்பி வழிந்தது. கண்ணாடிக்காரிக்கு ஒரு புஷ்-அப்கூட வரவில்லை, முழங்கால் ஊன்றியும் வரவில்லை. கையைச் சுவரில் வைத்துத் தள்ளச் சொன்னாள். அது வந்ததும் மேசை உயரத்துக்கு இறக்கினாள், பிறகு பெஞ்சுக்கு. சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, கை ஊன்றுகிற உயரத்தை ஒவ்வொரு வாரமும் கோடு போட்டாள். மற்றவர்களுக்கு எண் ஏறிக்கொண்டே போக, இவளுக்கு மட்டும் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. நான்காவது வாரம் அந்தப் பெண் யாரும் கேட்காமலே எல்லோரையும் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினாள். நாலு மணி வகுப்புக்கு மூன்றரைக்கே வாசலில் செருப்புக் குவிய ஆரம்பித்தது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அக்கா கேட்பாள், இன்றைக்கு என்ன மாற்றினாய் என்று. இருவரும் மாடிப்படியில் நின்றபடியே அரைமணி நேரம் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த அம்மாவும் இந்த அம்மாவும் ஏன் படியில் குனிந்து குனிந்து எழுகிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை.

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது.

புல்டோசர் அப்போது முப்பது கிலோவைக் குனிந்து தூக்கிக்கொண்டிருந்தான். வந்த நாளிலிருந்து அவனிடம் இருந்த பலம் இப்போது ஒழுங்குக்கு வந்திருந்தது. அன்று அவனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் மூன்று பேர் வாசல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். சின்னவள் கூடத்தின் மறுகோடியில் நெட்டையனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். பக்கத்துக்கொன்றாகப் பெரிய பிளேட் ஏறுகிற சத்தம்.

திரும்புவதற்குள் வாலுவின் குரல் கேட்டது. "நான் கையெழுத்துப் போடல. எடு."

அதற்கு அவன், நீ யார் சொல்வதற்கு என்கிற மாதிரி ஏதோ சொன்னான். வெளியே நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் ராடுக்கு முன்னால் போய்க் காலை அகட்டி நின்று கையை நீட்டினான். வாலு போய் ராடின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டி, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

கூடமே திரும்பிப் பார்த்தது. சின்னவளுக்கு முதுகில் பழைய இடத்தில் சில்லென்று ஏதோ ஓடியது. ஓடிப் போய் அந்தப் பையன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஓடாமல் நடந்தாள். அந்த இருபது அடிக்குள் கோபத்தை விழுங்கிக்கொண்டாள். போனதும் அவனைப் பார்க்கவில்லை, வாலுவைப் பார்த்து, என்ன கண்டாய் என்று கேட்டாள்.

"முப்பதுல மூணாவது தடவையே முதுகு வளைஞ்சுது சித்தி. சொன்னேன். அவன் கேக்கல."

"நீ பாத்தியா?" என்று அவனைக் கேட்டாள்.

தன் முதுகைத் தானே எப்படிப் பார்க்க முடியும் என்றான் அவன், முகம் சிவந்து. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். பிளேட்டைக் கழற்றிவிட்டு, முப்பதையே ஐந்து தடவை சரியாகச் செய்து காட்டிவிட்டு, பிறகு காவலிடமே கேட்கச் சொன்னாள் சின்னவள். அவன் பிளேட்டைக் கழற்றினான். கழற்றிய கையோடு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு நடக்கும்போது சின்னவளுக்கு இரண்டு கவலை. ஒன்று, பையன் இனி வரமாட்டான். மற்றது, இதைக் கேட்டதும் அக்கா வாலுவை நிறுத்திவிடுவாள். மறைப்பதற்கும் வழியில்லை. வாலு வாசலில் நுழையும்போதே ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டாள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "ராடு மேலயா உட்கார்ந்தே?" என்றாள். ஆமாம் என்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வாலு உள்ளே உடை மாற்றப் போன பிறகு, சிரிப்பு அடங்கி, கண்ணைத் துடைத்தபடியே தங்கையைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு உன் ராடு மேல யாராவது போய் உட்கார்ந்திருக்கலாம்டி."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. சின்னவள் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வியர்வை நாற்றம் அடிக்கிறது, போய்க் குளி என்று அக்கா தள்ளிவிட்டாள், கொஞ்ச நேரம் கழித்து.

செவ்வாய்க்கிழமை மூன்றரை ஆயிற்று, முக்கால் ஆயிற்று, பதினைந்து ஜோடிச் செருப்புதான் இருந்தது. வார்ம்-அப் பாதியில் கதவு மெதுவாகத் திறந்தது. புல்டோசர் யாரையும் பார்க்காமல் வந்து கடைசியில் சேர்ந்து ஓடினான். ராடுக்கு நேரம் வந்ததும் வாலுவின் முன்னால் போய் நின்றான்.

"இன்னிக்கும் நீதானே பாக்கறே?" என்றான்.

"முதல்ல ஷூ கயிறைக் கட்டு" என்றாள் அவள்.

அதோடு அந்தச் சண்டை முடிந்தது. மன்னிப்புக் கேட்டதாகவோ கொடுத்ததாகவோ சின்னவளுக்குத் தெரியவில்லை. அவன் முப்பதை ஐந்து தடவை தூக்கினான், வாலு நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டாள். முப்பத்திரண்டரைக்கு.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்தார்கள். யார் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள், அது கிடையாது என்று சின்னவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். வந்த நாளில் முடியாமலிருந்து இன்று முடிகிற ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் செய்து காட்டும், அது எது என்று தேர்ந்தெடுத்தது அதனுடைய காவல் என்றாள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். அக்கா ஆஸ்பத்திரிச் சீருடையோடேயே வந்து கடைசி வரிசையில் நின்றாள்.

நெட்டையன் முழங்கால் உள்ளே மடங்காமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தான். வாலு இரண்டு கையிலும் எட்டெட்டுக் கிலோவைப் பிடித்துக்கொண்டு, தோள் தொங்காமல், கூடத்தின் நீளத்தை நாலு தடவை நடந்து கடந்தாள். நடக்கும்போது அம்மா இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. அவ்வளவு மிடுக்கு.

கண்ணாடிக்காரி வந்து, கண்ணாடியைக் கழற்றித் தன் காவலிடம் கொடுத்தாள். தரையில் கை ஊன்றினாள். மேசையில்லை, பெஞ்சில்லை, வெறும் பாய். இறங்கினாள். மூக்கு பாயைத் தொட்டது. ஒரு நொடி அப்படியே நின்றாள், முழங்கை நடுங்கியது. பதினைந்து பிள்ளைகளும் ஒரே குரலில், "மூச்சு" என்றார்கள். அவள் மூச்சை விட்டாள், எழுந்தாள். அவளுடைய அப்பா தட்டுவதற்குக் கையைத் தூக்கியபோது அவள் மறுபடி இறங்கிவிட்டாள். மூன்று செய்தாள். அதன் பிறகு எழுந்த சத்தத்தில் முன்கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த பெரியவர்களும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியாகப் புல்டோசர். முப்பத்தைந்து கிலோ, ஐந்து தடவை. முதுகு அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி இருந்தது. ஐந்தாவது முடிந்ததும் வாலு, "போதும்" என்றாள். அவன் ராடைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். இன்னும் ரெண்டு போடு தம்பி என்று பின்னாலிருந்து ஒரு மாமா குரல் கொடுத்தார். அவன் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு மிச்சம் இருக்கு, மாமா. அது மிச்சமா இருக்கணும்" என்றான்.

சின்னவள் சட்டென்று அக்காவைப் பார்த்தாள். அக்கா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையன் இடுப்பை எப்படி வைத்திருந்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து ஐந்தே முக்கால் ஆகியும் பிள்ளைகள் போவதாக இல்லை. முதலாளி அடுத்த வகுப்புக்கு இப்போதே முப்பது பெயர் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குத் துணைக்கு ஓர் ஆள் தேடியாக வேண்டும், நேரத்தைப் பிரித்தாக வேண்டும். சின்னவளுக்கு அந்தத் தலைவலிகூட இனித்தது. பதினாறு பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் கட்டம் எப்போது, அதில் என்ன வரும் என்று பிய்த்து எடுத்தார்கள். முதலில் ஒரு வாரம் ஓய்வு என்றாள் அவள். உடம்பு பலமாவது தூக்கும்போது இல்லை, தூங்கும்போதுதான் என்று விளக்கினாள்.

ஒரு வாரமா என்று கூடமே முனகியது. அந்த ஒரு வாரம் நாங்கள் என்ன செய்வது என்று கேட்டான் நெட்டையன்.

"தூங்குங்க. சாப்பிடுங்க. வெளியில போய் விளையாடுங்க" என்றாள் சின்னவள்.

"அதுக்கும் அட்டை உண்டா மிஸ்?" என்றாள் கண்ணாடிக்காரி.

சின்னவள் நோட்டைத் திறந்தாள்.